கடைசியாகத் திருத்திய திகதி

என் அண்ணா யோகநாதன் 2006 ஒக்டோபர் பதினேழாம் திகதி காலையில் தெஹிவளை வீட்டிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது. இதை எத்தனை மேசைகளுக்கு முன்னால் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொல்லிச் சொல்லி இப்போது பள்ளிக்கூடப் பாடம் மாதிரி நிற்காமல் வருகிறது. அழுகை வருவதில்லை. கோபம்தான் வருகிறது.

கோபம் ஆதப்பன் மேல். அண்ணா பத்தொன்பது வருஷம் வேலை செய்த அச்சகத்தின் முதலாளி அவர். பொலிசார் போய்க் கேட்டபோது மனுஷன் ஒரே வரியில் கையைக் கழுவிவிட்டார். “அவரு ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே வேலைய விட்டுட்டுப் போயிட்டாருங்க.” அங்கே மெசின் ஓட்டுகிற இரண்டு பேரும் அதையே ஒப்புவித்தார்கள். எனக்கு விளங்காமல் இல்லை. அந்த வருஷம் கொழும்பில் தமிழ் அச்சகம் வைத்திருந்த எவருக்கும் ஒழுங்கான நித்திரை இல்லை. காணாமற்போன ஆளோடு தன் கடையின் பெயரும் சேர்ந்துவிடக் கூடாது என்று பயந்திருக்கிறார். பயந்த மனுஷரோடு கோபிக்கக் கூடாது என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் உண்டு. நான் கோபித்தேன்.

அந்த ஒரு வரி இரண்டு வேலை செய்தது. ஆள் தானாகவே வேலையை விட்டு எங்கேயோ போய்விட்டார் என்று எழுதிப் பொலிசார் கோவையை மூடினார்கள். அதைவிட மோசம், அந்த வரி அண்ணாவின் மனைவி கௌரியின் மனதுக்குள் போய்க் குந்திக்கொண்டது. இரண்டு கிழமைக்கு முன்பே வேலையை விட்டவர் என்றால், அந்தப் பதினாலு நாளும் காலையில் சோற்றுப் பார்சலை வாங்கிக்கொண்டு எங்கே போனார்? பின்னேரம் எங்கேயிருந்து வந்தார்?

கலியாணம் முடித்துப் பன்னிரண்டு வருஷம், பிள்ளை இல்லை. அயலுக்கு வேறென்ன வேண்டும். “ஆள் எங்கையோ குடும்பமா இருக்குதுபோல” என்று மேல்மாடிக்காரி ஒருத்தி கௌரியின் காதுபடவே சொன்னாள். கௌரி சண்டைக்குப் போகவில்லை. வெள்ளவத்தைக்கு என்னிடம் வந்து, செருப்பைக் கழற்றாமலே கேட்டாள்.

“மச்சாள், அவர் எனக்குப் பொய் சொன்னவரோ?”

“விசர்க்கதை கதையாதையும், கௌரி. அண்ணா பொய் சொன்னால் காது சிவக்கும். உமக்குத் தெரியாதே?”

“தெரியும். நான் அந்த ரெண்டு கிழமையும் அவரின்ரை காதைப் பார்க்கேல்லை.”

கொண்டுபோனவர்களின் மேல் அவளுக்குக் கோபம் வந்திருந்தால் அழுது தீர்த்திருப்பாள். புருஷன் மேல் சந்தேகம் வந்தால் எதை அழுது தீர்ப்பது. தனியே இருக்கப் பயந்து தெஹிவளை வீட்டை விட்டுக் கொட்டாஞ்சேனையில் தன் பெரியம்மா வீட்டுக்குப் போனாள். போன இடத்தில் அந்த அச்சகத்தைத் தாண்டித்தான் சந்தைக்குப் போகவேண்டும்.

எட்டு மாதம் கழித்து, 2007 ஜூனில், காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்கிற ஒரு கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. பன்னிரண்டாம் திகதி செவ்வாய்க்கிழமை வரவும், காணாமற்போன நாள்வரை அவர் வேலைக்குப் போனார் என்பதற்கு அத்தாட்சி இருந்தால் கொண்டுவரவும். அத்தாட்சிக்கு எங்கே போவது? அந்த அச்சகத்தில் வரவுப் புத்தகம் கிடையாது. அண்ணா எதிலும் கையெழுத்து வைத்ததில்லை.

கடிதம் வந்து மூன்றாம் நாள் மாக்ரெட் வந்தாள். அச்சகத்தைக் கூட்டித் துடைக்கிறவள். அண்ணா காணாமற்போன மாதம் முழுக்க மகளின் பிள்ளைப்பேற்றுக்காக நீர்கொழும்பில் நின்றவள், ஆகையால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. அண்ணாவின் மேசை லாச்சியைத் துப்புரவாக்கிக் குப்பையில் போடும்படி முதலாளி இப்போதுதான் சொன்னாராம். அவளுக்குப் போட மனம் வரவில்லை. ஒரு பொலித்தீன் பையைத் தந்தாள். மூக்குக்கண்ணாடிக் கூடு, ஒரு சின்னச் சீப்பு, அடியில் ஒரு புளொப்பி.

“என்ட பேரு சொல்ல வேணாம் மிஸ்” என்றாள். சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன். அவள் அங்கே வேலையை விட்டுக் கனகாலம்.

அந்தப் புளொப்பியைத்தான் நான் முதலில் கையில் எடுத்தேன். அண்ணா பின்னேரம் எழும்புமுன் அன்றைக்குச் செய்த வேலையைப் புளொப்பியில் ஏற்றி லாச்சியில் வைத்துவிட்டுத்தான் வருவார். ஒரு பைலைக் கடைசியாக எப்போது திருத்திச் சேமித்தது என்பதைக் கம்பியூட்டர் தானாகவே குறித்து வைக்கும். ஆதப்பன் என்ன சொன்னாலும் அது அதைத்தான் சொல்லும். அந்தத் திகதி ஒக்டோபர் மூன்றா, பதினேழா? எனக்குத் தெரியவேண்டியது அவ்வளவுதான். கௌரிக்கும் அவ்வளவுதான்.

ஆனால் என் கம்பியூட்டருக்கு அந்தப் புளொப்பியை வாசிக்கத் தெரியாது. அண்ணா வேலை செய்தது தொண்ணூற்றோராம் ஆண்டு வாங்கிய ஒரு மக் மெசினில். நான் காலி வீதியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் விண்டோஸில் தட்டச்சுச் செய்கிறவள். இதை வைத்து எங்களுக்குள் பதினைந்து வருஷச் சண்டை. “உன்ரை மெசின் நாளுக்கு நாலுதரம் செத்துப் பிழைக்குது. என்ரை மெசினுக்கு ஒரு தடிமனும் வந்ததில்லை” என்பார். உங்கடை மெசினை உங்களையும் ஆதப்பனையும் தவிர ஒருத்தரும் தொடுவதில்லை, தடிமன் எப்படி வரும் என்று நான் கேட்பேன். வா, அரைமணித்தியாலம் பழக்கி விடுகிறேன் என்று எத்தனையோ தரம் கூப்பிட்டார். போனேனா? இல்லை. வீம்பு. அந்த மெசினை ஆதப்பன் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாக மாக்ரெட் சொன்னபோது அந்த வீம்பு எனக்குச் சுட்டது.

இன்டர்நெற்றில் தேடினேன். எமுலேற்றர் என்று ஒரு சாமான் இருக்கிறதாம். விண்டோஸ் கம்பியூட்டருக்குள்ளேயே, ஒரு பெட்டிக்குள், பழைய மக் இருப்பதுபோல நடிக்கிற புரோகிராம். உள்ளே ஓடுகிற சிஸ்டத்துக்குத் தான் இன்னொரு மெசினின் வயிற்றுக்குள் இருப்பது தெரியாது. அதற்கு ஒரு பைல் வேண்டும், இதற்கு ஒரு பைல் வேண்டும் என்று நாலு நாள் இரக்காத இடமெல்லாம் இரந்து இறக்கினேன். ஒன்று வந்தால் மற்றது வராது. எல்லாம் வந்தால் கரன்ட் போகும்.

ஞாயிற்றுக்கிழமை, பத்தாம் திகதி, கடை பூட்டு. எங்கள் கடை முதலாளியிடம் திறப்பை வாங்கி, கதவைப் பாதிக்கு இறக்கிவிட்டு உள்ளே இருந்தேன். லொட்ஜுகளில் நின்ற எங்கள் சனங்களை பொலிசார் விடியப்புறம் பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பியது அந்தக் கிழமைதான். ஞாயிற்றுக்கிழமை என்றால் தமிழ்ச் சத்தம் நிறைந்திருக்கும் றோட்டில் ஆட்டோச் சத்தம் மட்டும் கேட்டது.

முதல் வேலை புளொப்பியை அப்படியே ஒரு பைலாக உள்ளே எடுப்பது. கடற்கரைப் பக்கத்து ஈரக்காற்றில் எட்டு மாதம் கிடந்த புளொப்பி. முதல் தரம் பாதியில் நின்றது. இரண்டாம் தரமும் நின்றது. பிள்ளையாரப்பா என்று மூன்றாம் தரம் போட்டேன், கரகரவென்று அரைத்து அரைத்து முழுக்க வந்துவிட்டது. வெளியே எடுத்துத் தகட்டை விலக்கிப் பார்த்தால் சுற்றிவரக் கீறு விழுந்திருந்தது. திரும்பவும் போட்டுப் பார்த்தேன், வெறும் புளொப்பி என்றது. பரவாயில்லை, ஒரு பிரதி கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். அந்தப் பிரதிக்கு இன்னொரு பிரதி எடுத்து வைத்தேனா என்று கேட்டால், இல்லை.

எமுலேற்றரைத் திறந்தேன். சாம்பல் நிறத் திரை. நடுவில் சிரித்த முகத்தோடு ஒரு சின்னக் கம்பியூட்டர் படம். எனக்கு எரிச்சல் வந்தது. நான் இருக்கிற இருப்பில் இது ஏன் இளிக்கிறது? பிறகு திரை வெளித்தது. அண்ணா பத்தொன்பது வருஷத்தில் முக்கால்வாசியை இருந்து கழித்த இடம் இதுதான். எனக்கு அங்கே ஒன்றும் பிடிபடவில்லை. யன்னலை மூடுகிற பெட்டி வலது பக்கம் இருக்க வேண்டியது, இடது பக்கத்தில் இருந்தது. மெனுக்கள் எல்லாம் திரையின் உச்சியில், யாருடையதென்று தெரியாமல் தொங்கின. புளொப்பியை வெளியே எடுக்க வேண்டுமென்றால் அதை இழுத்துக்கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் போட வேண்டுமாம். வாசித்ததும் என் கை மவுஸை விட்டுவிட்டது. இதைச் செய்தவர்களுக்கு மூளை பிசகா என்று வாய்விட்டுத் திட்டினேன். அண்ணா பக்கத்தில் நின்றிருந்தால் கடையே அதிரச் சிரித்திருப்பார்.

புளொப்பி மேல் மூலையில் ஒரு சின்னச் சதுரமாக வந்து நின்றது. இரண்டுதரம் அழுத்தினேன். இரண்டு பைல்கள். ஒன்று அண்ணா பாவிக்கிற தமிழ் எழுத்துரு. மற்றது “அன்னபாக்கியம்” என்று ஆங்கில எழுத்தில் பெயரிட்ட பைல். பட்டியலாகக் காட்டச் சொன்னேன். பெயருக்கு நேரே, கடைசியாகத் திருத்திய திகதி: செவ்வாய், ஒக்டோபர் 17, 2006, பிற்பகல் 4:42.

நான் கதிரையிலிருந்து எழும்பி நின்றேன். திரும்ப இருந்து வாசித்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு நாற்பத்திரண்டுக்கு என் அண்ணா தன் மேசையில் இருந்து வேலை செய்திருக்கிறார். பொய் சொல்லவில்லை. யாரிடமும் போகவில்லை. வேலை முடித்து எழும்பி, வீட்டுக்கு வருகிற வழியில் யாரோ கொண்டுபோயிருக்கிறார்கள். இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் சந்தோஷப்பட்டேன். எட்டு மாதத்தில் முதல் தடவை.

கௌரிக்குப் போன் எடுத்தேன்.

“கௌரி, உடனை கடைக்கு வாரும்.”

“என்ன மச்சாள்? என்ன கிடைச்சது?”

“போனிலை ஒண்டும் கதைக்க ஏலாது. வாரும், வந்து உம்மடை கண்ணாலை பாரும்.”

அந்த நாட்களில் நாங்கள் போனில் விஷயம் கதைப்பதில்லை. அரிசி, பருப்பு, சுகமா என்பதோடு சரி. யார் ஒட்டுக் கேட்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும். அந்தத் திகதியை நான் அப்போது அவளிடம் சொல்லியிருந்தால்! வாயில் வந்ததை விழுங்கினேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு, வழியில் இறக்கி அடையாள அட்டை பார்த்து ஏற்றுவதோடு சேர்த்து, ஒன்றரை மணித்தியாலம். அதுவரை நான் சும்மா இருந்திருக்கலாம். ஒரு பிளேன்ரீ குடித்திருக்கலாம். அண்ணா கடைசியாக என்ன எழுதிக்கொண்டிருந்தார் என்று பார்க்க ஆசை வந்தது.

பைலைத் திறந்தேன். வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தது. எழுத்துருவை இழுத்துச் சிஸ்டத்தின் பைக்குள் போட்டுவிட்டுத் திரும்பத் திறந்தேன். குப்பை முழுவதும் தமிழாக மாறி நின்றது. அது ஒரு கல்வெட்டு.

எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கல்வெட்டு என்று ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பது வழக்கம். செத்தவரின் படம், திதி, தேவாரம், பிள்ளைகள் புலம்புவதாக நாலு பாட்டு, பிறகு இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் சகோதரி என்று உறவுமுறைப் பட்டியல். அண்ணாவின் கை வேகம், கவனம் மட்டம். பட்டியலில் இருப்பவரையும் போனவரையும் கலந்துவிடுவார். போனவர் பெயருக்கு முன்னால் “காலஞ்சென்ற” என்று போடவேண்டும், அவருக்கு அது மறந்துபோகும். ஒருமுறை தவறிப்போய் உயிரோடு இருந்த ஒரு பெரியப்பாவுக்குப் போட்டுவிட்டார். மனுஷன் பந்தியில் இருந்து பாயசத்தோடு அதை வாசித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அண்ணா தாள்களை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவார், நான் சிவப்புப் பேனையோடு இருப்பேன். ஒரு பிழைக்கு ஒரு குட்டு என்று பேசி வைத்துக்கொண்டோம். தங்கச்சி தமையனுக்குக் குட்டலாமா என்று கௌரி சிரிப்பாள்.

திரையில் அன்னபாக்கியம் என்கிற ஒரு அம்மாவின் கதை ஓடியது. மூத்த மகள் பாடுகிற பாட்டில், “அப்பாவை முன்னனுப்பி ஆறாண்டு தனித்திருந்தாய்” என்று இருந்தது. பட்டியலுக்கு வந்தேன். “கதிர்காமநாதனின் அன்பு மனைவியும்” என்று மொட்டையாக இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் செத்த மனுஷன், பட்டியலில் உயிரோடு நிற்கிறார்.

“அண்ணா, இஞ்சை பாருங்கோ” என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். கடையில் ஒருத்தரும் இல்லை.

இரண்டு வரிக்குக் கீழே, காலஞ்சென்ற ஒரு சகோதரரின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் இருந்தது. அதைப் பிரதி எடுத்துக் கொண்டுவந்து கதிர்காமநாதனுக்கு முன்னால் ஒட்டினேன். ஒட்டிய கையோடு சேவ் பண்ணினேன். ஏன் பண்ணினாய் என்று கேட்காதீர்கள். கரன்ட் எந்த நிமிஷம் போகுமென்று தெரியாத ஊரில் பதினெட்டு வருஷம் தட்டச்சுச் செய்தவள் நான். ஒரு சொல்லைத் திருத்தினால் என் விரல் தானாகச் சேவுக்குப் போகும். மக்கில் அதற்கு எந்த விசை என்று அன்று காலையில்தான் கண்டுபிடித்து, அண்ணாவிடம் சொல்ல முடியவில்லையே என்று நினைத்திருந்தேன்.

பைலை மூடினேன். பைல் பட்டியலைப் பார்த்தேன். கடைசியாகத் திருத்திய திகதி: ஞாயிறு, ஜூன் 10, 2007, பிற்பகல் 1:15.

புளொப்பியைத் திரும்பத் திரும்பப் போட்டேன். அது ஒன்றும் தரவில்லை. வைத்திருந்த ஒரே ஒரு பிரதியில், எட்டு மாதமாகத் தேடிய ஒரே ஒரு வரியை, என் கையாலேயே அழித்துவிட்டிருந்தேன். அந்தத் திகதி மாறுமென்று எனக்குத் தெரியாதா? எங்கள் கடையில் நாலு பேருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

கௌரி வந்தால் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். நான் கண்டேன், பிறகு அழிந்துவிட்டது என்று. சொன்னால் நம்புவாளா? நான் அவளுடைய புருஷனின் தங்கச்சி. அவளுக்கு ஆறுதலாக எட்டு மாதம் எத்தனையோ சொன்னவள். இதையும் அதில் ஒன்றாகத்தான் எடுப்பாள்.

திரையின் அடியில் விண்டோஸின் மணிக்கூடு 1:40 என்று காட்டியது. எமுலேற்றர் நேரத்தை அதனிடம்தான் வாங்குகிறது. அது எந்த நாளைச் சொல்கிறதோ, உள்ளே இருக்கும் மக்குக்கும் அதுதான் நாள்.

மணிக்கூட்டைத் திறந்து ஒக்டோபர் 17, 2006 என்று வைத்தேன். 4:42 என்று வைக்கப் போகையில் கை நின்றது. 4:42 ஆ, 4:24 ஆ? சரியாக ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். நாலு நாற்பத்திரண்டுதான். எமுலேற்றர் எழும்புகிற நேரத்துக்காக ஐந்து நிமிஷம் முன்னதாக வைத்தேன். எமுலேற்றரைத் திரும்ப ஓடவிட்டு, பைலைத் திறந்து, நான் ஒட்டிய “காலஞ்சென்ற” என்ற சொல்லை வெட்டி எடுத்து, அண்ணாவின் பிழையை இருந்த இடத்திலேயே வைத்து, 4:42 ஆகும்வரை பார்த்திருந்து சேவ் பண்ணினேன். பட்டியலில் பழையபடி அதே நாள், அதே நேரம் வந்தது. நான் எழுதியது பொய் இல்லை. உண்மையைத்தான் எழுதினேன். ஆனாலும் களவு செய்தவள் மாதிரி அவசர அவசரமாக மணிக்கூட்டைச் சரிப்படுத்தி வைத்தேன்.

கௌரி வந்தாள். கதவுக்குக் கீழால் குனிந்து வந்து, வியர்வையைத் துடைக்காமலே திரைக்கு முன்னால் நின்றாள். நான் விரலால் காட்டினேன். அவள் உதட்டை அசைத்து வாசித்தாள். மூன்று தரம் வாசித்தாள்.

“இது அவர் கடைசியா வேலை செய்த நேரமோ?”

“ஓம்.”

“அப்ப வேலைக்குத்தான் போனவர்.”

“வேலைக்குத்தான் போனவர், கௌரி.”

அவள் கதிரையில் இருந்து, மேசையில் தலையை வைத்து அழத் தொடங்கினாள். மாதக்கணக்காக அவள் அப்படி அழுததில்லை. ‘என்ரை ஐயோ, நான் உங்களை என்னவெல்லாம் நினைச்சன்’ என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். பிறகு இரண்டு பேரும் பக்கத்துக் கடையில் தோசை வாங்கிச் சாப்பிட்டோம். நாலு தோசை சாப்பிட்டாள். திங்கட்கிழமை போன் எடுத்து, இரவு நல்லாக நித்திரை கொண்டதாகச் சொன்னாள்.

நான் நித்திரை கொள்ளவில்லை. கண்ணை மூடினால் அந்த வரி வந்தது. முதலில் கண்டதா, பிறகு நானே செய்ததா என்று பிரித்துப் பார்க்கத் தெண்டித்தேன். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன.

செவ்வாய்க்கிழமை கந்தோரில் எங்களை விசாரித்தது முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு சிங்களப் பிள்ளை. மரியாதையானவன். எழும்பி நின்று கௌரிக்குக் கதிரை போட்டான். திரையைப் படமாக எடுத்து அச்சடித்த தாளையும் சீடியையும் கொடுத்தேன். அவன் தாளைக் கனநேரம் பார்த்தான். கம்பியூட்டர் தெரிந்தவன் என்பது பார்த்த விதத்திலேயே தெரிந்தது.

“மிஸ், மே தினய வெனஸ் கரன்ன பெரித?” என்று கேட்டான். இந்தத் திகதியை மாற்ற முடியாதா என்று.

கௌரிக்கும் அவ்வளவு சிங்களம் தெரியும். அவள் என் முகத்தைப் பார்த்தாள், முடியாது என்று நான் சொல்லப் போவதைக் கேட்க.

அவன் ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினான். புளொப்பியிலிருந்து எடுத்த பிறகு இந்தப் பைலை யாரும் திறந்து சேமிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தால், கோவையைத் திரும்பத் திறக்கும்படி தன்னால் சிபாரிசு செய்ய முடியும் என்றான். பேனையையும் எடுத்துத் தந்தான். ஒரு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். அரசாங்கத்தின் தாள், என் பெயர், என் அடையாள அட்டை இலக்கம், வெள்ளவத்தை விலாசம். பொய் என்று பிடித்தால் என்ன செய்வார்கள்? எந்த வாகனம் எந்த வாசலில் வந்து நிற்கும்? ஆதப்பன் அன்று பொலிசுக்கு முன்னால் இப்படித்தான் நின்றிருப்பார் என்று நினைத்தேன். எட்டு மாதம் நான் திட்டித் தீர்த்த அந்தப் பயம் இப்போது என் கையில் பேனையைப் பிடிக்க விடவில்லை.

“புளுவன்” என்றேன். மாற்றலாம்.

அவன் தலையாட்டிவிட்டுத் தாளைக் கோவைக்குள் வைத்தான். கோபிக்கவில்லை. ஏதும் வேறு அத்தாட்சி கிடைத்தால் வாருங்கள் என்றான்.

கௌரி பஸ் ஹோல்ட்டில் வந்து நின்று, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“மச்சாள், நீங்கள் மாத்தினனீங்களோ?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் கண்டதை, கல்வெட்டை, கதிர்காமநாதனை, சேவ் பண்ணினதை, மணிக்கூட்டை. ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அது எனக்கே கட்டுக்கதையாகக் கேட்டது.

“நான் கண்டனான், கௌரி. சத்தியமா நான் முதல் கண்டது அதேதான். அதைத்தான் திரும்பப் போட்டனான்.”

“ஓம் மச்சாள்” என்றாள். கோபம் இல்லை. சுகமில்லாத ஆளுக்குத் தலையாட்டுவதுபோல ஆட்டினாள். பிறகு றோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அண்டைக்கு அவர் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு போனவர். அச்சகத்துக்குப் போறதெண்டால் அவர் வெள்ளை போடுறேல்லை, மை பட்டிடும் எண்டு. நான் பொலிசுக்கும் சொல்லேல்லை, உங்களுக்கும் சொல்லேல்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அந்தத் திகதியைக் காட்டின பிறகு அந்தச் சேட்டை மறந்துபோனன்.”

நான் வாயைத் திறந்தேன். தீபாவளி கிட்டிய நாள், யாராவது வாடிக்கையாளர் வர இருந்திருக்கலாம், மற்றச் சேட்டுகள் காயாமல் இருந்திருக்கலாம் என்று எத்தனையோ வந்தது. இனி நான் எதைச் சொன்னாலும் அது அவளுக்கு நான் செய்ததாகத்தான் இருக்கும்.

கொட்டாஞ்சேனை பஸ் வந்தது. கௌரி ஏறினாள். நான் நின்ற பக்கத்து யன்னலோடு ஒரு சீற் வெறுமையாக இருந்தது. அவள் மற்றப் பக்கம் போய் இருந்தாள்.